வெள்ளரிப் பிஞ்சில் ஒரு பாடம்

எட்டாம் வகுப்பு அறிவியலில் நுண்ணுயிரிகள் பாடத்தை நடத்தும்போது நம்மில் பலருக்கும் ஒரு குறை தோன்றுவதுண்டு. கோல் வடிவம், கோள வடிவம், சுருள் வடிவம் என்று கரும்பலகையில் வரைந்து காட்டுகிறோம். மாணவர்களும் அழகாக வரைகிறார்கள், தேர்வில் முழு மதிப்பெண் வாங்குகிறார்கள். ஆனால் இடைவேளை மணி அடித்ததும் அதே கையால் வாசலில் விற்கும் வெள்ளரிக்காயை வாங்கி, அப்படியே கடிக்கிறார்கள். படித்த பாக்டீரியா புத்தகத்திலேயே தங்கிவிடுகிறது. கைக்கும் வாய்க்கும் நடுவில் அதைக் கொண்டுவர என்ன செய்யலாம் என்ற கேள்விதான் இந்தப் பாடத் திட்டத்துக்குத் தொடக்கம்.

நான் பணிபுரிவது ஏழாயிரம்பண்ணை வட்டாரத்தில் உள்ள ஓர் அரசுப் பள்ளியில். வெம்பக்கோட்டை வட்டத்துக் கரிசல் பூமி. பெற்றோரில் பெரும்பாலோர் பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி வேலைக்கும் போகிறவர்கள். விடியுமுன் சமையலை முடித்து, பிள்ளைகளுக்கும் தங்களுக்கும் கட்டிவைத்துவிட்டு வேலைக்கு வண்டி ஏறுவார்கள். ஒரு பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் அம்மாவோ அப்பாவோ அன்று வேலைக்குப் போக முடியாது. அன்றைய கூலி போய்விடும். இரண்டு நாள் நீடித்தால் மருத்துவச் செலவும் சேர்ந்துகொள்ளும். ஆகவே உணவுப் பாதுகாப்பு என்பது எங்கள் மாணவர்களுக்கு வெறும் சுகாதாரச் செய்தி அல்ல. வீட்டு வரவு செலவோடு ஒட்டிய விஷயம்.

பாடப்பொருளாக நான் எடுத்துக்கொண்டது வெள்ளரிக்காய். சாத்தூர் வெள்ளரிக்காயைப் பற்றி ஆசிரியர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோடை வந்தால் பேருந்து சன்னல் ஓரமாக ஓடிவந்து, நான்காகக் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவிக் கையில் கொடுப்பார்கள். சேவுக்கு எவ்வளவு பேரோ அவ்வளவு பேர் அதற்கும் உண்டு. எங்கள் மாணவர்கள் சமைக்காமல் சாப்பிடும் காய்களில் முதலிடம் அதற்குத்தான். பாடம் அவர்கள் நாக்குக்குத் தெரிந்த பொருளிலிருந்து தொடங்கினால் பாதி வேலை முடிந்த மாதிரி.

பச்சைக் காயில் பாக்டீரியா எப்படி வருகிறது?

நம் சமையலில் பெரும்பாலான காய்கள் அடுப்பில் ஏறி இறங்கியவை. குழம்பு, பொரியல், கூட்டு எல்லாமே கொதிக்கின்றன. கொதியில் நோய் உண்டாக்கும் பாக்டீரியாக்கள் மடிந்துவிடும். வெள்ளரிக்காய், கேரட், வெங்காயப் பச்சடி, மோரில் கிள்ளிப் போடும் கொத்தமல்லித் தழை, மாங்காய்க் கீற்று ஆகியவற்றுக்கு அந்தக் காவல் இல்லை. வயலிலிருந்து வாய் வரைக்கும் வழியில் சேர்ந்தது எல்லாம் அப்படியே உள்ளே போகும்.

அந்த வழியை மாணவர்களையே வரையச் சொன்னேன். முதலில் வயல். நன்றாக மக்காத சாணம், எரு, ஆடு மாடுகளின் கழிவு, திறந்தவெளிக் கழிப்பிடம், கழிவுநீர் கலந்த பாசனம் ஆகியவற்றால் மண்ணும் காயும் மாசுபடும். அடுத்தது பறிக்கும் கை. அடுத்து மூட்டை கட்டும் சாக்கு, ஏற்றும் வண்டி, சந்தைத் தரை. பிறகு பச்சையாகத் தெரிய வேண்டும் என்பதற்காகத் தெளிக்கும் தண்ணீர். கடைசியாக நறுக்கும் கத்தி, விற்கும் கை, தின்னும் கை. ஒரே ஒரு வெள்ளரிக்காய்க்கு ஒன்பது நிறுத்தங்கள் வந்தன. "டீச்சர், சாத்தூர் பஸ்ஸை விட இதுக்கு ஸ்டாப்பிங் அதிகம்" என்றான் ஒருவன்.

இந்த வழியில் ஏறக்கூடிய கிருமிகளில் முக்கியமானவை எஸ்செரிச்சியா கோலையின் (ஈ.கோலை) சில தீய வகைகள், சால்மோனெல்லா, ஷிகெல்லா, லிஸ்டீரியா, காலராவை உண்டாக்கும் விப்ரியோ ஆகியவை. ஈ.கோலையின் பெரும்பாலான வகைகள் நம் குடலில் தீங்கின்றி வாழ்பவை என்பதையும் மாணவர்களிடம் சொல்லிவிட வேண்டும். ஒரு காயிலோ தண்ணீரிலோ அது இருந்தால், மலம் எங்கோ கலந்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம். பாக்டீரியாவோடு குடற்புழுவின் முட்டையும் கழுவாத காயில் வரலாம். பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 தேதிகளையொட்டி நாம் பள்ளியில் அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கிறோம் அல்லவா, அந்த நாள்களில் இந்தப் பாடத்தையும் இணைத்துக்கொண்டால் மாத்திரை எதற்கு என்பது பிள்ளைகளுக்கு விளங்கும்.

எத்தனை பாக்டீரியா உள்ளே போனால் நோய் வரும் என்ற கேள்வி கட்டாயம் எழும். கிருமிக்குக் கிருமி அது மாறும். ஷிகெல்லாவில் நூறுக்கும் குறைவான செல்களே போதும். சால்மோனெல்லாவுக்குப் பொதுவாக அதைவிட அதிகம் தேவை. எனவே நோயைத் தடுப்பதில் இரண்டு வேலைகள் உண்டு: ஒன்று, கிருமி சேராமல் பார்ப்பது, இரண்டு, சேர்ந்தது பெருகாமல் பார்ப்பது.

உலகம் பட்டறிந்தவை

இது ஏழை நாடுகளின் சிக்கல், அழுக்குச் சந்தையின் சிக்கல் என்று மாணவர்கள் நினைத்துவிடக் கூடாது. அதற்காக மூன்று நிகழ்வுகளை வகுப்பில் சொல்கிறேன்.

முதலாவது நம்மைப் போன்ற ஆசிரியர்கள் அறிந்திருக்க வேண்டியது. 1996 ஜூலையில் ஜப்பானின் சகாய் நகரில் பள்ளி மதிய உணவு சாப்பிட்ட பல ஆயிரம் குழந்தைகள் நோயுற்றார்கள். மூன்று பேர் இறந்தார்கள். காரணம் ஈ.கோலை ஓ157 என்ற வகை. உணவோடு சமைக்காமல் பரிமாறிய முள்ளங்கி முளைகள் வழியாக அது வந்திருக்கக்கூடும் என்று விசாரணை காட்டியது. தூய்மைக்குப் பெயர் பெற்ற நாட்டில், பள்ளிச் சமையலறையில் நடந்தது இது.

இரண்டாவது 2011ஆம் ஆண்டு மே மாதத்தில் ஜெர்மனியில் தொடங்கியது. 3,800 பேருக்கு மேல் நோயுற்றார்கள். 50 பேருக்கு மேல் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானோருக்குச் சிறுநீரகம் பாதித்தது. முதலில் ஸ்பெயின் நாட்டு வெள்ளரிக்காய்மீது பழி விழுந்தது. ஐரோப்பா முழுவதும் வெள்ளரிக்காயை வாங்க ஆளில்லாமல் விவசாயிகள் குப்பையில் கொட்டினார்கள். பிறகு ஆய்வில் தெரிந்தது, குற்றவாளி வெள்ளரி அல்ல, முளைகட்டிய வெந்தயம். அந்த விதை எகிப்திலிருந்து வந்தது என்ற முடிவுக்கு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வந்தது. சான்று கிடைக்குமுன் யாரையும் குற்றம் சொல்லக் கூடாது என்பதற்கு அறிவியலிலேயே கிடைத்த எடுத்துக்காட்டு இது. வகுப்பில் பின்னால் இது எங்களுக்குப் பயன்பட்டது.

மூன்றாவதில் வெள்ளரியே குற்றவாளி. 2015இல் அமெரிக்காவில் 40 மாநிலங்களில் 907 பேருக்கு சால்மோனெல்லா நோய் வந்தது. ஆறு பேர் இறந்தார்கள். மெக்சிகோவிலிருந்து இறக்குமதியான வெள்ளரிக்காய் வழியாக அது பரவியது கண்டறியப்பட்டது.

நம் பக்கத்திலும் பாடம் உண்டு. 2022 ஜூலையில் காரைக்காலில் காலரா பரவி, பொதுச் சுகாதார அவசரநிலை அறிவித்துப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். குடிநீரில் கழிவுநீர் கலந்ததே அங்கே பேசப்பட்ட காரணம். காயைக் கழுவும் தண்ணீரே கெட்டிருந்தால் கழுவியும் பயனில்லை என்பதை இதிலிருந்து மாணவர்கள் எடுத்துக்கொள்ளலாம். பச்சை முட்டையில் செய்யும் மயோனைசுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை விதித்ததை நாளிதழில் படித்த மாணவர்களும் வகுப்பில் இருந்தார்கள். முட்டையோ, முளையோ, காயோ, சமைக்காமல் உண்பதற்கு ஒரு தனிக் கவனம் வேண்டும் என்பதே எல்லாவற்றிலும் உள்ள ஒரே செய்தி.

செயல்பாடு 1: வண்ணப்பொடிச் சோதனை

தேவையானவை: இரண்டு வெள்ளரிக்காய், நிறச் சுண்ணக்கட்டி, கத்தி, இரண்டு தட்டு, தண்ணீர்.

சுண்ணக்கட்டியைப் பொடித்து இரண்டு காய்களின் தோலிலும் லேசாகத் தடவுங்கள். பொடிதான் பாக்டீரியா என்று சொல்லிவிடுங்கள். முதல் காயைக் கழுவாமல் நறுக்குங்கள். கத்தி தோலைத் தாண்டும்போது பொடியை உள்ளே இழுத்துச் செல்வதை எல்லாரும் பார்க்கலாம். வெள்ளைச் சதையில் நீலக் கோடு விழும். கத்தியிலும், பலகையிலும், நறுக்கியவர் விரலிலும் நிறம் இருக்கும். இப்போது நறுக்கிய துண்டுகளைக் கழுவச் சொல்லுங்கள். சதையில் ஒட்டியது முழுதாகப் போகாது. இரண்டாவது காயைத் தேய்த்துக் கழுவி, கத்தியையும் கழுவி, பிறகு நறுக்குங்கள். வேறுபாட்டைப் பிள்ளைகளே சொல்வார்கள்.

"கழுவிவிட்டு நறுக்கு, நறுக்கிவிட்டுக் கழுவாதே" என்ற வாசகம் எங்கள் வகுப்பில் இந்தச் சோதனையின் முடிவில் பிறந்தது. தோல் சீவிச் சாப்பிடும் காயையும் ஏன் முதலில் கழுவ வேண்டும் என்பதற்கும் இதுவே விடை. 2011இல் அமெரிக்காவில் கிர்ணிப் பழத்தின் வழியாக லிஸ்டீரியா பரவி 33 பேர் இறந்தார்கள். அந்தத் தோலை யாரும் தின்பதில்லை. சோதனைக்குப் பயன்படுத்திய காயை யாரும் சாப்பிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

செயல்பாடு 2: ஆறு மணி முதல் பன்னிரண்டு நாற்பது வரை

இது கணக்குப் பாடத்தோடு சேர்ந்தது. ஏற்ற சூழலில் ஈ.கோலை 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். காலை 6.00 மணிக்கு அம்மா வெள்ளரிக்காயை நறுக்கி டப்பாவில் போடுகிறார். அதில் ஒரே ஒரு பாக்டீரியா இருக்கிறது. மதியம் 12.40க்குப் பிள்ளை டப்பாவைத் திறக்கும்போது எத்தனை இருக்கும்?

மாணவர்கள் முதலில் நாற்பது, ஐம்பது என்றுதான் சொல்வார்கள். அட்டவணை போட வையுங்கள். 400 நிமிடம் என்றால் 20 முறை இரட்டிப்பு. 9.20 மணிக்கு 1,024. அதுவரை அமைதியாக ஏறும் எண், அதற்குப் பிறகு பாய்கிறது. 12.40 மணிக்கு 10,48,576. அடுக்குகள் பாடத்தில் இரண்டின் இருபதாம் அடுக்கு எவ்வளவு பெரியது என்பதும் அன்று மனதில் பதிந்தது.

காயின்மேல் எப்போதும் இந்த வேகம் இருக்காது. வெப்பநிலை, ஈரம், புளிப்பு ஆகியவற்றைப் பொறுத்துக் குறையும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முழுக்காயின் உலர்ந்த தோலில் பாக்டீரியா அவ்வளவாகப் பெருகாது. நறுக்கியதும் சாறு கசிகிறது. அதுவே அதற்கு உணவு. மூடிய டப்பாவின் கதகதப்பு அதற்கு வீடு. 5 டிகிரி செல்சியசுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பநிலையை உலக சுகாதார நிறுவனம் அபாய மண்டலம் என்கிறது. எங்கள் ஊரில் ஆண்டு முழுவதும் டப்பா அந்த மண்டலத்தில்தான் இருக்கும். கெட்டுப்போகக்கூடிய உணவை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது அதே நிறுவனத்தின் அறிவுரை.

இந்த இடத்தில் ஒரு மாணவி சொன்னதை நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. "டீச்சர், மருந்து மாதிரிதான இதுவும். கலந்த மருந்தை மிச்சம் வைக்கக் கூடாது, அன்னைக்கே முடிச்சிரணும்னு எங்கப்பா சொல்லுவாங்க" என்றாள். பட்டாசு வேலையில் வெடி மருந்துக் கலவையை மறுநாளுக்கு வைத்திருப்பது ஆபத்து என்பது இந்தப் பகுதியில் சிறு பிள்ளைக்கும் தெரியும். பார்வைக்கு அப்படியே இருக்கும். உள்ளே மாற்றம் நடந்துகொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாத ஆபத்தை நம்பி நடந்துகொள்வது எங்கள் மாணவர்களுக்கு வீட்டிலேயே பழகிய ஒழுக்கம். அதை உணவுக்கும் நீட்டினால் போதும். நறுக்கிய காயும் கலந்த மருந்தும் மிச்சம் வைக்கக் கூடாதவை என்று அன்று முதல் சொல்லிக்கொள்கிறோம். அந்தந்தப் பகுதி ஆசிரியர்கள் தங்கள் ஊர்த் தொழிலிலிருந்து இப்படி ஓர் ஒப்புமையைத் தேடிப் பார்க்கலாம்.

செயல்பாடு 3: கறுக்கும் குப்பி

தண்ணீரில் மலக் கலப்பு இருக்கிறதா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. குவாலியரில் உள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த மாஞ்சா, மௌரியா, ராவ் ஆகியோர் 1982இல் வெளியிட்டது. ஊடகம் தோய்த்த தாள் உள்ள குப்பியில் தண்ணீரை ஊற்றி மூடி, அறை வெப்பநிலையில் 24 முதல் 48 மணி நேரம் வைக்க வேண்டும். மலத்தோடு வரும் பாக்டீரியாக்களில் பல ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை உண்டாக்கும். அது இரும்புச் சேர்மத்தோடு வினைபுரிந்து தண்ணீரைக் கறுப்பாக்கும். ஊராட்சிகளுக்கு வழங்கப்படும் குடிநீர்க் களப் பரிசோதனைப் பொருள்களில் இத்தகைய குப்பிகள் உண்டு. கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம்.

நாங்கள் ஐந்து குப்பிகள் வைத்தோம். பெயர் எழுதாமல் எண் மட்டும் ஒட்டினோம். ஒன்றில் வாசலில் வெள்ளரிக்காய்மேல் தெளிக்கும் தண்ணீர். இரண்டில் கடையில் வாங்கிய வெள்ளரிக்காயைக் கழுவிய தண்ணீர். மூன்றில் பள்ளிக் குழாய்த் தண்ணீர். நான்கில் ஆசிரியர் அறைப் பானைத் தண்ணீர். ஐந்தில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர். மறுநாள் காலை முதல் மூன்று மாணவர்கள் பள்ளி திறக்குமுன்பே வந்து நின்றார்கள். 1, 2, 4 ஆகியவை கறுத்திருந்தன. 3, 5 நிறம் மாறவில்லை.

எண்தான் ஒட்டியிருந்தது என்றாலும் ஒன்றாம் குப்பி யாருடையது என்பது வகுப்புக்குத் தெரியும். வாசலில் விற்கும் பாட்டியின் பேத்தி அதே வகுப்பில் படிக்கிறாள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "இனிமே பாட்டிகிட்ட வாங்கக் கூடாதுடா" என்று பின் வரிசையில் ஒரு குரல் கேட்டது. அந்தக் கடைதான் அந்தக் குடும்பத்தின் வருமானம். இப்படியே விட்டால் அறிவியல் பாடம் ஒரு பிள்ளையின் வீட்டு அடுப்பை அணைத்துவிடும் என்று எனக்குத் தோன்றியது.

நான்காம் குப்பியை எடுத்து மேசையின் நடுவில் வைத்தேன். இது ஆசிரியர் அறைப் பானை என்றேன். சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவன், "டீச்சர், குழாய்த் தண்ணி கறுக்கல. அதே தண்ணிதான பானையில ஊத்துறோம், அப்ப நடுவுல என்ன ஆச்சு?" என்று கேட்டான். அந்தக் கேள்வியைத்தான் நான் எதிர்பார்த்திருந்தேன். பானைக்குள் டம்ளரை விட்டு மொள்ளும்போது விரல் தண்ணீரைத் தொடுகிறது என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். ஸ்பெயின் வெள்ளரிக்காயை நினைவூட்டினேன். யார் குற்றவாளி என்று கேட்காமல், எந்த நிறுத்தத்தில் ஏறியது என்று கேட்கத் தொடங்கினோம்.

நான்கு மாணவர்கள், பேத்தியையும் சேர்த்து, பாட்டியிடம் போய்ப் பேசினார்கள். நானும் உடன் இருந்தேன். "தண்ணி தெளிக்கலேன்னா வெயிலுக்குக் காயி சுருண்டு போகுமேம்மா, யாரு வாங்குவா?" என்றார் பாட்டி. அது நியாயமான கேள்வி. அவர் வீட்டிலிருந்து கொண்டுவரும் தண்ணீர் பிடித்தபோது நன்றாகத்தான் இருந்தது. மூடியில்லாத வாளி, அதில் நாளெல்லாம் முங்கி எழும் கை, காயை மூடியிருந்த பழைய சாக்கு, இவைதான் வழியில் இருந்த நிறுத்தங்கள். சாக்குக்குப் பதிலாகத் தினமும் துவைத்துக் காயவைக்கும் பருத்தித் துணி, மூடி போட்ட குடம், தெளிக்கக் கைப்பிடியுள்ள செம்பு, காசு போட ஒரு தனி டப்பா என்று மாற்றங்கள் வந்தன. எதற்கும் பெரிய செலவில்லை. சாக்கை மாற்றியதும், "காயி பாக்கவே நல்லாருக்கு" என்று பாட்டியே சொன்னார்.

ஒரு வாரம் கழித்து மறுபடியும் குப்பி வைத்தோம். தெளிக்கும் தண்ணீர் கறுக்கவில்லை. காயைக் கழுவிய தண்ணீர் மறுபடியும் கறுத்தது. இதைப் பார்த்துப் பிள்ளைகள் ஏமாற்றம் அடைந்தார்கள். ஆனால் பாடத்தின் மிக முக்கியமான இடம் இதுதான். வயலிலும் சந்தையிலும் ஏறியதைப் பாட்டியால் தடுக்க முடியாது. அதனால் கீறுமுன் காயைக் கழுவியே ஆக வேண்டும். இப்போது சத்துணவுக் கூடத்தில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் ஒரு குடம் பாட்டிக்குப் போகிறது. மாணவர் கண் முன்னே காயைக் கழுவிக் கீறித் தருகிறார். கழுவாமல் கேட்டாலும் தருவதில்லை. பேத்தி இப்போது சுகாதாரக் குழுவின் தலைவி.

இந்தச் சோதனையில் சில எச்சரிக்கைகள் உண்டு. குப்பி கறுத்தால் கலப்பு இருக்கக்கூடும் என்றுதான் பொருள். நோய்க்கிருமி இருப்பதாக உறுதி அல்ல. கறுக்காவிட்டால் முழுப் பாதுகாப்பு என்றும் பொருள் அல்ல. கறுத்த குப்பியை மாணவர்கள் திறக்கக் கூடாது. ஆசிரியரே பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றி அரை மணி நேரம் வைத்திருந்து, பிறகு கழிவறையில் கொட்ட வேண்டும்.

தண்ணீர் குறைந்த ஊரில் எப்படிக் கழுவுவது?

ஓடும் தண்ணீரில் கழுவுங்கள் என்று எல்லாப் புத்தகங்களும் சொல்கின்றன. குழாயில் தினமும் தண்ணீர் வராத கரிசல் கிராமத்தில் இந்த அறிவுரை காற்றில் போய்விடும். ஓடும் தண்ணீரின் தத்துவத்தைப் புரியவைத்தால் வழி கிடைக்கும். கழன்ற அழுக்கு மறுபடியும் காயில் ஒட்டக் கூடாது, அவ்வளவுதான். ஒரு வாளி நிறைய தண்ணீரில் எல்லாக் காய்களையும் முக்கி எடுத்தால் ஒரு காயின் அழுக்கு பத்துக் காய்க்குப் பரவும். ஒருவர் செம்பிலிருந்து மெல்ல ஊற்ற, இன்னொருவர் காயைக் கையால் தேய்த்துத் திருப்பினால் அதுவே ஓடும் தண்ணீர். கீழே விழும் தண்ணீரை ஒரு சட்டியில் பிடித்து மரத்துக்கு ஊற்றலாம்.

மற்றக் குறிப்புகள்:

1. முதலில் கையைச் சோப்புப் போட்டு 20 விநாடி தேய்த்துக் கழுவ வேண்டும். மருந்துக் கையோடு வரும் பெற்றோருக்கு இது இரட்டைப் பாதுகாப்பு.

2. காய்க்குச் சோப்போ, பாத்திரம் துலக்கும் திரவமோ வேண்டாம். சுத்தமான தண்ணீரும் தேய்ப்பும் போதும். கேரட், முள்ளங்கியைத் தூரிகையால் தேய்க்கலாம்.

3. உப்புத் தண்ணீரில் போட்டால் கிருமி செத்துவிடும் என்று முழுதாக நம்ப வேண்டாம். மிளகாய்த்தூளும் எலுமிச்சையும் கழுவுவதற்கு மாற்று அல்ல.

4. முட்டைக்கோசின் வெளி இலைகளை நீக்குங்கள். கொத்தமல்லி, புதினாவை வேர் நீக்கி, இலை இலையாகப் பிரித்துக் கழுவுங்கள்.

5. மீன், கோழி நறுக்கிய அரிவாள்மனையில் பச்சடிக் காயை நறுக்கக் கூடாது. காயை முதலில் நறுக்கிவிட்டால் சிக்கலே இல்லை.

6. பச்சையாகத் தின்னும் காயைக் கடைசியாகக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் அலசுங்கள்.

7. அழுகிய, வெடித்த, நசுங்கிய பகுதியைத் தாராளமாக வெட்டி எறியுங்கள்.

8. பள்ளிக்குக் கொடுக்கும் வெள்ளரியை நறுக்காதீர்கள். கழுவித் துடைத்த பிஞ்சை முழுதாகக் கொடுத்துவிடுங்கள். பிஞ்சைக் கடித்துத் தின்னக் கத்தி எதற்கு?

கழுவினால் கிருமி குறையும், அறவே போய்விடாது. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அதனால்தான் சிறு குழந்தைகள், கருவுற்றவர்கள், முதியோர், நோயுற்றவர்கள் சமைத்த காயைச் சாப்பிடுவது மேல்.

பள்ளிக்குள் கவனிக்க வேண்டியவை

சத்துணவும் காலை உணவும் சூடாகப் பரிமாறப்படுவது பெரிய பாதுகாப்பு. சமைத்து நேரம் கடத்தாமல் பரிமாறுவதே அங்கு முக்கியம். சத்துக்காக முளைகட்டிய பயறு கொடுக்கும் பள்ளிகள் பல. பயறு முளைக்கத் தேவையான ஈரமும் கதகதப்பும் பாக்டீரியா பெருகவும் ஏற்றவை. விதைக்குள் பதுங்கிய கிருமியைக் கழுவி நீக்க முடியாது. ஜெர்மனியிலும் ஜப்பானிலும் நடந்தது அதுவே. முளைப்பயறை வேகவைத்துச் சுண்டலாகக் கொடுங்கள். நம் முன்னோர் சுண்டலை அவித்ததில் அறிவியல் இருக்கிறது.

பள்ளிக் காய்கறித் தோட்டத்தில் பச்சைச் சாணத்தை நேரடியாகப் போடாமல், நன்கு மக்கிய எருவை மட்டும் போடுங்கள். தட்டுக் கழுவிய தண்ணீரை மரங்களுக்கும் வாழைக்கும் விடுங்கள். பச்சையாகச் சாப்பிடும் கீரை, கொத்தமல்லிக்கு வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் செய்ய வேண்டியதை மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்து ஏராளமான உயிர்களைக் காப்பாற்றினார். இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அந்த வழியில் வந்தது. பொட்டலத்தில் குறித்த அளவு காய்ச்சி ஆறிய நீரில் முழுப் பொட்டலத்தையும் கரைத்து, சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். மலத்தில் இரத்தம், விடாத வாந்தி, சிறுநீர் குறைதல், சோர்ந்து கிடத்தல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

தொடக்க வகுப்புகளுக்கும் மதிப்பீட்டுக்கும்

ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை வண்ணப்பொடிச் சோதனை ஒன்றே போதும். 'வெள்ளரிக்காயின் பயணம்' என்று ஒன்பது நிறுத்தங்களையும் நடித்துக் காட்ட வைக்கலாம். ஆறு முதல் எட்டு வரை இரட்டிப்பு அட்டவணையைச் சேர்க்கலாம். ஒன்பது, பத்தாம் வகுப்பினர் குப்பிச் சோதனையைத் தாங்களே திட்டமிட்டு அறிக்கை எழுதலாம். ஆண்டுதோறும் ஜூன் 7 உலக உணவுப் பாதுகாப்பு நாள். பள்ளி திறக்கும் பருவத்தில் வருவதால் சுகாதாரக் குழுவை அன்று தொடங்க வாய்ப்பாக இருக்கும்.

மதிப்பீட்டுக்கு நான் கேட்கும் வினாக்கள் மூன்று. தோல் சீவும் காயை ஏன் கழுவ வேண்டும்? குழாய்த் தண்ணீர் நல்லது, பானைத் தண்ணீர் கெட்டது என்றால் எங்கே தேடுவாய்? உன் வீட்டில் இந்த வாரம் மாற்றிய ஒரு பழக்கம் எது? மூன்றாவது வினாவுக்கு வீட்டில் ஒருவரின் கையெழுத்தும் வேண்டும்.

பாடம் முடிந்தபின் பிள்ளைகள் பச்சைக் காயைக் கண்டு அஞ்சி ஒதுக்கினால் பாடம் தோற்றது என்று பொருள். ஒருவர் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறியும் பழமும் உண்ண வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்கள் பிள்ளைகள் அதில் பாதியைத் தொட்டாலே மகிழ்ச்சி. அதனால் வகுப்பின் கடைசிப் பாடவேளையில் கை கழுவி, காய் கழுவி, கத்தி கழுவி, எல்லாரும் உட்கார்ந்து வெள்ளரிக்காய் சாப்பிடுவோம். மிச்சம் வைப்பதில்லை.